நஞ்சுக்கொடி அறுக்கும் நாத்தனார்

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வந்தால், வேண்டா வெறுப்பாகச் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. பிரசவ வார்டிலிருந்து மூடி போட்ட வாளிகளில் நஞ்சுக்கொடிகள் வரும். எடை போடுவாள், அதோடு வரும் தொப்புள்கொடியின் நீளம் அளப்பாள், ரொட்டி மாதிரி துண்டு போட்டு எங்கே செத்திருக்கிறது, எங்கே ரத்தம் உறைந்திருக்கிறது என்று எழுதுவாள். அங்கே அவளுக்குக் ‘கத்தி’ என்று பெயர். வீட்டில் அதே கத்தி நாக்கில் இருக்கும். கல்யாணமாகி வந்த மறுநாள் நான் நறுக்கிய வெங்காயத்தைப் பார்த்து, “இதென்ன, கோழி கிளறினதா?” என்று கேட்டவள் அவள்.

நான் முதல்முறை உண்டானபோது, “நீ வரிசையில நிக்க வேண்டாம், நானே நிரப்பிக் குடுத்துடறேன்” என்று கர்ப்பிணிகள் பதிவுப் படிவத்தை வாங்கிக்கொண்டாள். அதில் ஒரு கேள்வி: பெண்ணின் குடும்பத்தில் யாருக்காவது பிரசவகாலத்தில் பிரஷர், கை கால் இழுக்கும் ஜன்னி வந்ததுண்டா? என் அம்மாவுக்குப் போன் போட்டு, போலீஸ்காரி மாதிரி விசாரித்தாள். என் அம்மா, பெரியம்மா, சித்தி, ஒருவரையும் விடவில்லை. ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தாள்.

ஏழாம் மாதம் எனக்குத் தலை பிளந்தது. கண்முன் பூச்சி பறந்தது. கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரஷர் நூற்றெழுபது. நான் பிழைத்தேன், என் மகன் பிழைக்கவில்லை.

அதன்பின் மாமியார் வாய்க்குப் பூட்டே இல்லை. நான் பள்ளிச் சீருடை தைக்கிறவள். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிக் குரல் பெரிதாகிவிட்டது. அதை வைத்து மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “கோபக்காரி. பிள்ளையைக் கோபத்துலயே கருக்கிட்டா” என்றார். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனாரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று பேரையும் ஒரே சாக்கில் கட்டி ஆற்றில் எறியலாம் போலிருந்தது எனக்கு.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி உண்டானேன். இந்தப் பிள்ளையாவது உயிரோடு வரவேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. மூன்றாம் மாதம் புது டாக்டரம்மாவைப் பார்க்க மாமியாரும் வந்தார். அறைக்குள் கால் வைத்ததும் புகார்தான்.

“டாக்டர், இவ கோபத்துக்கு ஏதாவது மாத்திரை குடுங்க. அதாலதான் போன பிள்ளை போச்சு.”

“கோபத்தால இது வராதுங்க” என்றார் டாக்டரம்மா. “ஆரம்பத்துல நஞ்சுக்கொடி ஒட்டும்போதே, அதுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் சரியா விரியாம போயிடுது. ஏன்னு முழுசா எங்களுக்கே இன்னும் தெரியல. ஆனா நஞ்சுக்கொடி அம்மாவோடது மட்டும் இல்ல. அது பிள்ளையோட சேர்ந்து வளர்றது, அதுல அப்பாவோட கூறும் இருக்கு. அதனால அவர் வீட்டையும் கேக்கணும். உங்களுக்குப் பிரசவத்துல பிரஷர், ஜன்னி ஏதாவது?”

“எனக்கா? நான் கல்லு மாதிரி இருந்தேன்!”

“பொய்.”

வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். மாடியிலிருந்த பரிசோதனைக் கூடத்திலிருந்து வெள்ளைக் கோட்டோடு கீழே இறங்கி வந்திருந்தாள்.

“தம்பி பொறந்தப்ப எனக்கு ஏழு வயசு. உனக்குக் கை கால் இழுத்துது. ரெண்டு பேர் அமுக்கிப் பிடிச்சாங்க. நான் கத்தினேன்னு என்னை வெளியில தள்ளிக் கதவைச் சாத்தினாங்க.”

“வாயை மூடுடி!”

“மூட மாட்டேன். எழுதிக்குங்க டாக்டர்.”

மாமியார் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் முந்தானையைப் பிசைந்தார். “என் மாமியார்தான் சொன்னா, உன் கோபத்துக்குத்தான் இழுத்துதுன்னு. நானும் அப்படித்தான் நம்பினேன். வெளியில சொன்னா அசிங்கம்னு விட்டுட்டேன்” என்றார். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் மேல் விழுந்த பழியைப் பத்திரமாக வைத்திருந்து என் தலையில் கட்டியவருக்கு நான் ஏன் இரங்க வேண்டும்?

டாக்டரம்மா தினமும் போட ஒரு சின்ன மாத்திரை எழுதினார். இது வராமலே தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது, வாய்ப்பைக் குறைக்கும் என்றார். அடிக்கடி வந்து பிரஷர் பார்க்கச் சொன்னார். வெளியே வந்ததும் நாத்தனாருக்கு நன்றி சொல்லப் போனேன். புத்தி கெட்ட வேலை.

“உனக்காக யாரு பேசினா? தப்பா எழுதினா எனக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.”

முப்பத்தைந்தாம் வாரம் பிரஷர் ஏறியது. தவறாமல் பார்த்து வந்ததால் உடனே தெரிந்துவிட்டது. அன்றே அறுவை செய்தார்கள். பெண். இரண்டு கிலோ. பிறந்ததும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். என் குரல்தான், சந்தேகமில்லை.

மறுநாள் மத்தியானம் நாத்தனார் வந்தாள். அவள் என் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தாள்.

“உன்னோட நஞ்சுக்கொடியை நான்தான் பார்த்தேன். சின்னதா இருந்துது. ஒரு ஓரம் செத்துப் போயிருந்துது.”

குழந்தையைப் பார்த்தாள். தொடவில்லை.

“போன தடவை உங்க அம்மாவை அவ்வளவு கேட்டேன். எங்க அம்மாவை ஒரு வார்த்தை கேக்கல. கதவுக்கு வெளியில நின்னவ நான். எனக்குத் தெரியும். படிவத்துல கேக்கல, நானும் எழுதல. எழுதியிருந்தா இந்த மாத்திரையை அப்பவே குடுத்திருப்பாங்களோ என்னவோ.” கட்டில் விரிப்பை நீவிவிட்டாள். “நான் கேட்டிருக்கணும்.”

பரவாயில்லை, விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. என் மகன் முகம் நினைவுக்கு வந்தது.

“ஆமாக்கா” என்றேன். “கேட்டிருக்கணும்.”