பெருக்கிவிட்ட பாத்தி

இந்த ஊரில் குப்பையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மக்கிய இலை, மரப்பட்டைத் தூள் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கடையில் இருக்கும். இங்கிலாந்து வந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மா இரண்டு மூட்டை வாங்கிவந்து ரோஜாச் செடிகளைச் சுற்றிக் கொட்டினார். பாவம், யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பெயர் மல்ச், குளிரில் வேர் சாகாமல் இருக்க மண்ணுக்குப் போர்த்துகிற போர்வை என்று பிறகுதான் பல்கலைக்கழகத்தில் படித்தேன்.

பல்கலைக்கழகத்தில் படித்தேன் என்று எழுதவே சிரிப்பு வருகிறது. ஆவடியில் பத்தாவதோடு நின்றவள் நான். இங்கே பல்கலைக்கழகத் தோட்டத்தில் தொட்டி கழுவுகிற வேலை. வேலை செய்கிறவர்களும் படிக்கலாம் என்றார்கள், சேர்ந்தேன். ஹார்ட்டிகல்ச்சர் அண்ட் லேண்ட்ஸ்கேப் மேனேஜ்மென்ட், அதாவது தோட்டக்கலைப் படிப்பு. அம்மாவிடம் சொல்ல, வீட்டருகே இருந்த டெலிபோன் பூத்துக்கு போன் செய்தேன். "செடி வெக்கறதுக்கு காலேஜா? இன்னாடி கூத்து இது! நம்ம குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் படிச்சிட்டா கனகாம்பரம் வெச்சாங்க?" என்றார். போன் கார்டில் காசு கரைந்துகொண்டிருந்தது, சிரித்துவிட்டு வைத்தேன்.

அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் ஒரு வரிசை முழுக்க வாதாமரம். பெரிய பெரிய இலையாக நாள் முழுக்கக் கொட்டும். விடியுமுன் எல்லா வாசலிலும் விளக்குமாறு சத்தம். ஒரு வீட்டு வாசல் பெருக்காமல் கிடந்தால் அங்கே சண்டை, இல்லை சாவு என்று அர்த்தம். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், அம்மா ஊரில் இல்லை. எதிர் வீட்டு அக்கா ஓடிவந்து, "இன்னா ஆச்சுடி, வாசல் இப்புடிக் கெடக்குது?" என்று தன் நெஞ்சில் கை வைத்தார். அப்படிப்பட்ட இடம்.

முதல் வருடம் முடிகிற இலையுதிர்காலத்தில் பரீட்சை. ஆளுக்கொரு பாத்தி. அதைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்து காட்ட வேண்டும். தேறினால் இரண்டாம் வருடமும் செடி வேலையும். தவறினால் மறுபடி தொட்டி கழுவ வேண்டியதுதான். வசந்தத்தில் பூக்கிற செடிகளின் கிழங்குகளை நட்டு, மேலே நாலு விரல் உயரத்துக்கு இலை பரப்பி வைத்தேன். பரீட்சை நாள் காலையில் எழுத்து, அதன் பிறகு வாத்தியார் பாத்தியைப் பார்க்க வருவார். என் வீட்டுக்காரர் செல்வராஜ் லீவு போட்டுவிட்டு, ஃபிளாஸ்கில் டீயோடு பாத்தியருகே காத்திருந்தார். அவரும் எங்கள் ஆவடிப் பக்கம், மண்ணூர்பேட்டைக்காரர். சும்மா உட்காரத் தெரியாது.

எழுதி முடித்துத் திரும்பினேன். பாத்தியில் ஓர் இலை இல்லை. மண்ணில் விளக்குமாற்றுக் கோடு, வளைவு வளைவாக, அம்மா போடுகிற மாதிரியே. குச்சிகளை ஒடித்துக் கட்டிய விளக்குமாறு அவர் கையில். இலையெல்லாம் ஓரமாகக் குவியல்.

"இன்னாங்க பண்ணீங்க?"

"பெரிய மன்சன் வர்றாரு இல்ல? குப்பையா கெடந்தா உன்னப் பத்தி இன்னா நெனப்பாரு?"

குவியலிலிருந்து ஒரு கை இலையை அள்ளினேன். அதற்குள் வாத்தியார் மிஸ்டர் ஹால் வந்துவிட்டார். குனிந்து கோடுகளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அழகாக இருக்கிறதே, ஜப்பானிய முறையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். செல்வராஜ் முந்திக்கொண்டு, "நோ சார், மண்ணூர்பேட்டை" என்றார். வாத்தியார் தலையாட்டிக்கொண்டே மார்க் எழுதப் போனார். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பனி விழுந்தால் கிழங்கு அழுகும். "அது முறை இல்லை சார். இங்கே இலை இருந்தது. விருந்தாளி வருகிறார் என்று என் வீட்டுக்காரர் பெருக்கிவிட்டார்" என்றேன். விருந்தாளி யார் என்று கேட்டார். "நீங்கதான் சார்." செல்வராஜையும் அவர் கை விளக்குமாற்றையும் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்துவிட்டுக் கடைசியாக வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

இருவரும் அள்ளி அள்ளிப் போட்டோம். "பெருக்குன குப்பைய திருப்பிக் கொட்றவன ஒலகத்துலயே இப்பத்தான் பாக்கறேன், மேரி. அதுவும் நானே" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பி வந்த வாத்தியார் இலைக்குள் விரல் விட்டு ஆழம் பார்த்தார். பாஸ் போட்டார். சொற்ப மார்க்தான். போகும்போது செல்வராஜோடு கை குலுக்கினார்.

இரண்டாம் வருடமும் முடித்தேன். அந்த லீவில் ஆவடி போனேன். சாயங்காலம் அம்மா வாசலைப் பெருக்கி, இலையைக் குவித்து, தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். நான் நின்றேன்.

"இன்னாடி யோசன? கொளுத்து. கொசு வருது."

அந்தப் புகை வாசனைக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். பாதிக் குவியலைக் காலால் வாசல் கொய்யா மரத்தடிக்குத் தள்ளி, வேரைச் சுற்றிப் பரப்பினேன். மீதிப் பாதிக்குத் தீ வைத்தேன்.