ஹாலுக்குள் வந்த குண்டு மிஷின்

வீட்டிலேயே பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: கடை என்றால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடலாம், ஹாலுக்கு ஷட்டர் கிடையாது. ராஜபாளையத்தில் என் வீட்டு ஹாலில்தான் நான் மோட்டார் காயில் சுற்றுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மில்லில் எலக்ட்ரிக்கல் பிரிவில் கற்றுக்கொண்ட வேலை. மிக்சி, கிரைண்டர், கிணற்று மோட்டார் எல்லாம் எனக்குப் பழகிய நோயாளிகள். இந்தத் தடவை வந்தது பழகாத நோயாளி. என்னைப்போல் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் சோல்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் படித்து ஆறுதல் அடையட்டும்.

கதவைக் கழற்றினோம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய் ஒரு நாள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவர் கடை மின்விசிறிகளை நான்தான் பார்ப்பேன். தார்ப்பாயை விலக்கினால், கண்ணாடி போட்ட நீளமான மரப்பெட்டி, தனியாகக் கட்டிவைத்த நான்கு இரும்புக் கால்கள். அவருடைய அத்தா, அதாவது அப்பா, டீக்கடை நடத்திய காலத்தில் கொச்சியில் ஏலத்தில் எடுத்துவந்த பின்பால் மிஷினாம். ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, அங்கங்கே முட்டி, மணியடித்து, பாயிண்ட் சேர்த்துக்கொண்டு கீழே உருளும். அது விழுந்துவிடாமல் இரண்டு சின்னத் துடுப்புகளால் தட்டிவிட வேண்டும். சிப்பு, போர்டு எதுவும் கிடையாது; முழுக்க ரிலேயும் காயிலும்தான். “நீ காயில் சுத்துறவதானே தங்கச்சி?” என்றார். இல்லை என்று எப்படிச் சொல்வது?

பெட்டி வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றிச் சாய்த்துவிட்டு, நான்கு பேர் ஒருக்களித்துத் தூக்கி, சுவரில் காரை பெயர உள்ளே இறக்கினார்கள். மில் ஷிப்டு முடிந்து வந்த என் வீட்டுக்காரர் முருகேசன் வாசலிலேயே நின்றுவிட்டார். டிவி இருந்த இடமே தெரியவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு ராஜம்மாக்கா எட்டிப் பார்த்துச் சொன்னார்: “ஏட்டி, பீரோ வாங்குனா நிமுத்தி வைக்கணும்ட்டி!”

ஃபியூஸ் இருந்த இடம்

விளையாடும் பலகை கீல் வைத்தது. முன்பக்கம் பிடித்துத் தூக்கினால் மிஷினின் அடிவயிறு தெரியும். நூல் சுற்றிய வயர்கள், அத்தனையும் சாயம் போய் ஒரே பழுப்பு. எது எங்கே போகிறது என்று சொல்ல வரைபடம் ஒன்றும் இல்லை. மூலையில் எலிக்கூடு வேறு.

ஏதோ புத்தி, சுவிட்சைப் போடுவதற்கு முன் ஃபியூஸைப் பார்த்தேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்பு ஆணி இருந்தது. வெளிநாட்டு மிஷின், நூற்றுப்பத்து வோல்ட்டில் ஓட வேண்டியது. அப்படியே நம் வீட்டு இருநூற்று முப்பது வோல்ட்டில் செருகியிருந்தால் ஃபியூஸ் போயிருக்காது, வீடு போயிருக்கும். உடனே பாய்க்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அவர் சொன்னார்: “அது எங்கத்தா கையால போட்டது தங்கச்சி. தூரப் போட்டுராத, நல்ல ஆணி.”

தேவதானத்து அண்ணாச்சி

சரியான ஃபியூஸ் போட்டு, வோல்ட்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்பார்மரும் வைத்து, முதல் தடவையாக விளக்குகள் எரிந்த நேரம். சிவப்பும் மஞ்சளுமாக ஹாலே சினிமா கொட்டகை போல இருந்தது. நான் மெய்மறந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது பார்த்துத்தானா தேவதானத்து வேலுச்சாமி அண்ணாச்சி வர வேண்டும்? அவருடைய கிணற்று மோட்டார் என்னிடம் இருந்தது. நெல் கதிர் வாங்குகிற பருவம், தண்ணீர் பாய்வது நின்றால் எல்லாம் பதராகிவிடும். காயில் சுற்றி முடித்து வார்னிஷ் காயத்தான் வைத்திருந்தேன், சத்தியமாக.

அவர் நேராகப் போய் மோட்டாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். காய்ந்து, பூட்டி, ஓட்டிக் காட்டும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் ஒழுங்காக ஓடியது. தூக்கி வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பினார். “அங்க பயிரு வாடி நிக்கிது, இங்க நீ கலர் லைட்டு போட்டு கோலிக்குண்டு விளையாடுறியாக்கும்?”

வாளி

சிக்கந்தர் பாய் பார்க்க வந்திருந்த அன்று, மணிகள் அடிக்கின்றனவா என்று சோதித்தேன். ஒரு மணி அடித்தது. அடுத்ததற்கு ‘டக்’ என்று மட்டும் சத்தம், பிறகு உறுமல். காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது. வார்னிஷ் கருகும் வாடை எனக்கு அத்துப்படி. ஆனால் என் மூக்குக்கு நேரே புகை கிளம்பும் வேகத்துக்கு நான் பழகவில்லை. பிளக் இருந்தது மிஷினுக்குப் பின்னால், சுவரை ஒட்டி. நான் குனிந்து கையை நீட்டுகிறேன், எட்டவில்லை.

நிமிர்ந்தால் பாய் வாசலில் இருந்த வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். ஊற்றினால் மிஷினோடு நாங்கள் இருவரும் போய்ச் சேர வேண்டியதுதான். “ஊத்தாதீக!” என்று கத்திக்கொண்டே குறுக்கே விழுந்து வாளியைப் பிடித்தேன். பாதித் தண்ணீர் என் மேல், மீதி பாயின் வேட்டியில். அதே வேகத்தில் மெயினுக்கு ஓடி அணைத்தேன். புகை அடங்கியபின் பார்த்தால் ஒரு காயில் மட்டும்தான் கரி. பாய் வேட்டியைப் பிழிந்தபடி கேட்டார்: “ஊத்தக் கூடாதுன்னா பொறவு எதுக்கு வாளிய ரொப்பி வாசல்ல வச்சிருக்கே?”

குண்டு எங்கே?

கருகிய காயிலைச் சுற்றிப் போட்டேன். காண்டாக்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து, இடைவெளி வைத்தேன். எல்லாம் முடிந்தபோதுதான் உறைத்தது, மிஷினில் குண்டு இல்லை. பழைய பேரிங்குகளை உடைத்து இரண்டு குண்டு எடுத்துப் பார்த்தேன். ஒன்று சிறிசு, எதையும் முட்டாமல் நழுவி விழுந்தது. இன்னொன்று பெரிசு, வழியிலேயே மாட்டிக்கொண்டது.

பாயைக் கேட்டால் மென்று விழுங்கினார். பிறகு மெதுவாக வந்தது விஷயம். அவருக்கு ஜாகிர் என்று ஒரு தம்பி. அத்தா மௌத்தாகி அடக்கம் முடிந்தபின் கடையைப் பிரிக்கிறபோது சண்டை. கடைக்கு நடுவில் சுவர் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் அண்ணன் பாத்திரக்கடை, அந்தப் பக்கம் தம்பி செருப்புக்கடை. மிஷின் அண்ணன் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. தம்பி குண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுவர் வைத்த நாளிலிருந்து பேச்சு இல்லை. அன்று இரவு முருகேசனிடம் இதைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே மிஷினை ஒரு பார்வை பார்த்தார். “ரிலேய நீ சரி பண்ணிருவே. இவிய ரெண்டு பேரையும் எந்த ஸ்குருடிரைவர வச்சுச் சரி பண்ணுவே?”

ஜாகிர் வந்தார்

மிஷின் ராஜபாளையத்துக்குப் போனது தம்பிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு மத்தியானம், நான் தனியாக இருக்கும்போது, லோடு ஆட்டோவும் இரண்டு ஆட்களுமாக வந்து நின்றார். அப்போது நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பலகையைத் தூக்கி ஒரு ரீப்பர் கட்டையை முட்டுக் கொடுத்து, முழங்கைவரை உள்ளே விட்டு வேலை செய்துகொண்டிருந்தேன்.

“அக்கா, இதுல எனக்கும் பாத்தியம் இருக்கு. எடுத்துட்டுப் போறேன்.”

“தம்பி, உங்க அண்ணன் கொண்டாந்து இறக்குனது. அவிய வந்து சொல்லட்டும்.”

“அவன்ட்ட நான் எதுக்குக் கேக்கணும்?” என்று பெட்டியின் மூலையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார்.

கட்டை வழுக்கியது. பலகை அப்படியே இறங்கியது. மரமும் இரும்பும் காயிலுமாக நல்ல கனம். கையை இழுத்தேன், வரவில்லை. வளையல் ஏதோ கொக்கியில் மாட்டியிருந்தது. மணிக்கட்டில் பலகை பட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தக் கை போனால் காயில் சுற்றுவது எப்படி என்ற ஒரே நினைப்புதான். எலும்பு நொறுங்கும் என்று காத்திருந்தேன், நொறுங்கவில்லை. ஜாகிர் இரண்டு கையாலும் பலகையின் விளிம்பைத் தாங்கியிருந்தார். விளிம்பில் அடித்திருந்த தகரம் அவர் உள்ளங்கையைக் கிழித்து ரத்தம் மரத்தில் வழிந்தது. வந்த ஆட்கள் இருவரும் கல்லாய் நின்றார்கள். நான் வளையலை உடைக்கப் பார்க்கிறேன், உடைய மாட்டேன் என்கிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “பதறாம எடுங்கக்கா. நான் விட மாட்டேன்.”

இருவரும் வந்தார்கள்

நான் கையை உருவியபின், தன் கையில் துணி சுற்றிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அன்று வெறும் ஆட்டோவோடுதான் போனார் ஜாகிர். இரண்டாம் நாள் போன் வந்தது. “குண்டத் தாரேன் அக்கா. ஆனா மொதல்ல நான்தான் விளையாடுவேன். அவர்ட்ட சொல்லிருங்க.” பாயிடம் சொன்னேன். “வரச் சொல்லு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பஸ்ஸிலும் தம்பி பைக்கிலும் வந்தார்கள். ஹாலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் நானும் முருகேசனும், ஏதோ ஜாமீன் கொடுக்க வந்தவர்கள் மாதிரி. ஜாகிர் சட்டைப் பையிலிருந்து குண்டை எடுத்துப் போட்டார், ஸ்பிரிங்கை இழுத்தார். குண்டு மேலே ஏறி, முட்டி, உருண்டு வந்தது. துடுப்புக்கான பட்டனை அழுத்தினார். துடுப்பு அசையவில்லை. குண்டு நேராகக் குழியில் விழுந்தது. பலகையைத் தூக்கினேன். இந்தத் தடவை சொல்லாமலே ஆளுக்கொரு பக்கம் வந்து பிடித்துக்கொண்டார்கள். ஒரு காண்டாக்ட் தகடு வளைந்திருந்தது. நகத்தால் நெம்பினேன்.

அடுத்த தடவை துடுப்பு அசைந்து குண்டைத் தட்டியது. மணிகள் மாறி மாறி அடித்தன, பாயிண்ட் சக்கரம் கடகடவென்று சுற்றியது. பிறகு அண்ணன் முறை. குண்டு குழியை நோக்கிப் போனதும் பாய் தன்னை மறந்து மிஷினையே பிடித்து ஆட்டினார். அப்படி ஆட்டினால் ஆட்டம் நின்றுபோகும், மிஷினின் சட்டம் அது. விளக்கெல்லாம் அணைந்தது.

“சின்ன வயசுலயும் இப்படித்தான் ஆட்டிக் கெடுப்பே!” என்று ஜாகிர் கத்தினார்.

“நீ மட்டும் ஆட்ட மாட்டியாலே?” என்று அண்ணன் திருப்பிக் கத்தினார். சுவர் வைத்த பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இதுதான். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்வரை அந்தச் சண்டையும் ஆட்டமும் நடந்தது.

புறப்படும்போது, மிஷினை யார் வீட்டுக்கு ஏற்றுவது என்று கேட்டேன். இருவர் முகமும் மறுபடி இறுகியது. கடைசியில் பாய் செருப்பை மாட்டியபடி சொன்னார்: “அவன் வாசலை நான் மிதிக்க மாட்டேன், என் வாசலை அவன் மிதிக்க மாட்டான். உன் வாசல் பொதுதானே தங்கச்சி, இங்கனயே கெடக்கட்டும், ஞாயித்துக்கிழம வாரோம்.”

பழுதான பொருளைச் சரிசெய்வதுதான் எங்கள் தொழில் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். சரியான பொருளை வீட்டைவிட்டு வெளியேற்றுவதுதான் தொழிலே என்பது டிவி பார்க்க ராஜம்மாக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் புரிகிறது.