கைக்கு ‘ங்க’ தெரியாது

பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் தேர்வை இரண்டாம் முறை எழுதி ஐம்பத்து மூன்று மதிப்பெண். கல்யாணமாகி நான்காம் வருடம், கைக்குழந்தையோடு, தபால் வழியில் இங்கிலீஷ் பி.ஏ. பட்டம். “பொம்பளைப் பிள்ளை நடத்துற கிளாசுக்கு யாரு வருவா?” என்று கேட்ட கருமத்தம்பட்டியில் எட்டு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள். எண்ணிக்கை சரிதான். வருகைப் பதிவேடுகளை வாங்கி இரண்டு முறை எண்ணிப் பார்த்த பிறகே எழுதுகிறேன். இவையெல்லாம் என் தங்கை மோகனப்பிரியா ஜெயித்தவை.

கிடைக்காதது ஒன்று இருந்தது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர், அவள் வேலை பார்த்த பயிற்சி மையத்தின் உரிமையாளர். அவர் ஒருநாளும் வகுப்புக்குள் வந்தவரில்லை. “தபால்ல படிச்ச பட்டத்தை யாரு மதிக்கிறாங்க அம்மணி? எம்பேரு இருந்தாத்தான் எடுபடும்” என்பார். தான் நடத்திய வகுப்புக்குக் கீழே தன் பெயர் இருக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

நான் சூலூர் பக்கத்தில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் ஃபிட்டர். போன வருடத்துக்கு முந்தைய வருடம் அங்கே ஒரு கூத்து நடந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் துணியைப் பற்றி ‘குட் (could) ஹேவ் பீன் சாஃப்டர்’ என்று எழுதியிருந்தார். ‘சாஃப்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே எங்கள் சூப்பர்வைசர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அதே துணியை மறுபடியும் நெய்து அனுப்பிவிட்டார்கள். இன்னும் மென்மையாக இருந்திருக்கலாமே என்று அவர் குறைபட்டிருக்கிறார் என்பது துணி திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

முதலாளி கிருபாசங்கர் உடனே முடிவெடுத்தார். பத்து சூப்பர்வைசர்களுக்கு மூன்று மாத இங்கிலீஷ் பயிற்சி. நடத்துகிறவரே சான்றிதழில் கையெழுத்திடுவார். வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து டை கட்டி லேப்டாப்போடு வந்த ஆசிரியர். இன்னொருத்தி என் தங்கை. ஆளுக்கு ஒரு மணி நேரம் அதே பத்துப் பேருக்குப் பாடம் நடத்த வேண்டும். முடிந்ததும் முதலாளி ஒரு வாக்கியம் சொல்வார். அதன் அர்த்தத்தைப் பத்துப் பேரும் சீட்டில் எழுத வேண்டும். யாருடைய வகுப்பில் பாதிப் பேராவது சரியாக எழுதுகிறார்களோ, அவருக்கு வேலை.

“உங்க தங்கச்சின்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கண்ணா” என்றாள் வண்டியில் வரும்போதே. “செயிச்சா நான் செயிச்சதா இருக்கோணும்.”

“தோத்தா?”

“அப்ப சொல்லிக்கறேன், எங்கண்ணன் வண்டியை மெதுவா ஓட்டுனதால தோத்துட்டேன்னு.”

2024 மே 18, சனிக்கிழமை. பத்து மணிக்கு டை கட்டியவர் தொடங்கினார். வண்ண வண்ணமாகத் திரையில் அட்டவணைகள். “அண்டர்ஸ்டுட்?” என்று அவர் கேட்கும்போதெல்லாம் பத்துப் பேரும், “புரிஞ்சுதுங்க சார்” என்றார்கள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு முதலாளி சொன்ன ஒரு வாக்கியத்துக்குச் சீட்டு எழுதினார்கள். சரியாக எழுதியவர் ஒருவர்.

பதினொன்றரைக்கு என் தங்கை. ஜெனரேட்டர் பார்க்கிற சாக்கில் நான் அறையின் பின்பக்கம் நின்றுகொண்டேன். அவள் நன்றாகத்தான் தொடங்கினாள். ஒரு காரியத்துக்கு வழி இருந்தும் நடக்காமல் போனால் ‘குட் ஹேவ்’, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் ‘ஷுட் ஹேவ்’, நடந்ததோ இல்லையோ உறுதியாகத் தெரியாவிட்டால் ‘மைட் ஹேவ்’ என்றாள். “புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டாள்.

“புரிஞ்சுதுங்க அம்மணி.” பத்துக் குரல். டை கட்டியவருக்குக் கிடைத்த அதே பதில், அதே ராகம்!

அவளும் அதைக் கவனித்துவிட்டாள். சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாதுங்க. இது ரூம் இல்ல, தறிக்கூடம். முப்பது தறி ஓடுது. கையில பேசுங்க.”

விசைத்தறி ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்களுக்கு ஒரு கைப்பேச்சு உண்டு. இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்தது. முஷ்டியை மூடினால் தறியை நிறுத்து. உள்ளங்கையை விரித்து ஆட்டினால் இல்லை, தெரியாது. எங்கள் அப்பாவின் நான்கு தறிகளுக்கு நூல்தார் சுற்றி வளர்ந்தவள் அவள். அந்த இரைச்சலில் தப்பு யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்தான் இங்கிலீஷைச் சத்தம் போட்டுப் பேசிப் பழகினாள்.

“இப்பச் சொல்லுங்க. புரிஞ்சுதா?”

முதல் வரிசையில் இருந்தவர் பாலுசாமி, முப்பது வருட அனுபவமுள்ள ஷிப்ட் சூப்பர்வைசர். அவர் யோசிக்கவே இல்லை. பழக்கத்தில் கை தானாக மேலே போனது, உள்ளங்கை ஆடியது. இல்லை! அடுத்தவர் கையும் ஆடியது. ஒன்று, இரண்டு, ஐந்து... பத்துக் கையும் ஆடின. ஒருவருக்கும் புரியவில்லை!

ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த முதலாளி எழுந்துவிட்டார். “ஏனுங்க, இவ்வளவு நேரம் புரிஞ்சுதுன்னுதானே சொன்னீங்க?”

“அம்மணி மனசு சங்கடப்படுமேன்னு சொன்னோமுங்க” என்றார் பாலுசாமி.

“அப்ப அந்த சார்கிட்ட?”

“அவரு டை வேற கட்டியிருந்தாருங்க.”

அறையே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மிச்சம் இருபத்தாறு நிமிடம். பாதி நேரம் போய், ஒருவருக்கும் எதுவும் விளங்கவில்லை என்று அவளே அவர் முன்னால் நிரூபித்திருந்தாள். அவளுக்கோ கண் மின்னியது.

“வாய்க்குத்தானுங்க மரியாதை. கைக்கு ‘ங்க’ போடத் தெரியாது. அதனால கை பொய் சொல்லாது. வாங்க, கையிலயே படிக்கலாம்.”

இரண்டு விரலைப் பிரித்தாள்: நூல் அறுந்தது. முஷ்டியை மூடாமல் விட்டாள்: தறியை யாரும் நிறுத்தவில்லை. துணி பாழ். பிறகு முஷ்டியைக் காட்டி, அதை மறு கையால் தட்டிவிட்டாள். நிறுத்த வழி இருந்தது, நிறுத்தவில்லை: ‘குட் ஹேவ்’. அதே முஷ்டியைத் தன் நெஞ்சில் குத்திக்கொண்டாள். நான் நிறுத்தியிருக்கோணும், தப்பு என்னுது: ‘ஷுட் ஹேவ்’. உள்ளங்கையை இரண்டு பக்கமும் சாய்த்தாள். நிறுத்தினானோ என்னவோ, யார் கண்டது: ‘மைட் ஹேவ்’. பத்துப் பேரின் கைகளும் கூடவே ஓடின. ஒருவர் தப்பாகக் காட்டினால் பக்கத்திலிருப்பவர் பட்டென்று கையைப் பிடித்துத் திருத்தினார். அங்கே தயவு தாட்சண்யமே இல்லை!

“ஏனுங்க அம்மணி,” பாலுசாமிக்குப் பொறுக்கவில்லை, “முப்பது வருசமா நாங்க இங்கிலீசுதான் பேசிட்டிருந்தோமுங்களா?”

“வாயை மூடுங்க, தறி ஓடுது!”

அடுத்தது ஒப்பிடுவது. கீழே ஒரு கை, மேலே ஒரு கை. “கீழ் கை, நாம நெய்ஞ்ச துணி. மேல் கை, அவரு எதிர்பார்த்த துணி. நடுவுல இடைவெளி இருந்தா அது குறை. ‘குட் ஹேவ் பீன் சாஃப்டர்’னா இவ்வளவு இடைவெளி. விருந்துக்குப் போயிட்டு, ‘ரசத்துல கொஞ்சம் உப்புக் கூட இருந்திருக்கலாமுங்க’ன்னு நாம சொல்றமல்ல? வெள்ளைக்காரனும் நம்மளாட்டத்தானுங்க. மூஞ்சிக்கு நேராத் திட்டமாட்டான்.”

பன்னிரண்டரை. முதலாளி சீட்டுகளைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒரு வாக்கியம் சொன்னார்: “தி பேக்கிங் குட்ன்ட் ஹேவ் பீன் பெட்டர்.”

‘குட்’டோடு ‘நாட்’ சேர்ந்த இதை அவள் சொல்லித்தரவே இல்லை. குறை என்று நினைத்து எல்லாரும் கவிழ்ந்துவிடுவார்கள் என்று பயந்தேன். பேனாக்கள் நின்றன. பாலுசாமி பேனாவை மேசைமேல் வைத்தார். கீழே ஒரு கை வைத்தார், மேலே ஒரு கை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கீழ்க் கையை மெல்ல உயர்த்தி மேல் கையில் முட்டவைத்தார். இதற்கு மேலே போக இடமில்லை! அவர் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் எழுதிக்காட்ட முடியாது. நான் திரும்பிப் பார்த்தபோது வரிசை முழுவதும் கைகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

முதலாளி சீட்டுகளைப் பிரித்துப் படித்தார். ‘பேக்கிங் ரொம்பப் பிரமாதம்.’ ‘இதுக்கு மேல நல்லாக் கட்ட முடியாது.’ ‘பாராட்டுங்க.’ எட்டுப் பேர் சரி. மிச்சம் இருவர், ‘புரியலைங்க’ என்று எழுதியிருந்தார்கள். முதலாளி அந்த இரண்டு சீட்டையும் தனியே எடுத்துவைத்துக்கொண்டார்.

“திங்கக்கிழமை வந்து ஆர்டரை வாங்கிக்கங்க” என்றார் அவளிடம். “இந்த ரெண்டு பேரும் இன்னைக்கு உண்மையை எழுதியிருக்காங்க. இந்தக் கம்பெனியில அதுதானுங்க பெரிசு.”

வகுப்பு ஜூன் 3 அன்று தொடங்கிப் பதின்மூன்று வாரம் நடந்தது. கடைசி நாள் பத்துச் சான்றிதழ்கள் மேசைக்கு வந்தன. முதலாவது பாலுசாமியுடையது. ‘பயிற்சியாளர்’ என்று அச்சடித்த இடத்துக்கு நேரே அவள் பேனா முனையை வைத்தபடி எழுதாமல் இருந்தாள்.

“என்னுங்க அம்மணி, பேரு மறந்துபோச்சுங்களா?” என்றார் பாலுசாமி.

அவள் சிரித்தபடி உள்ளங்கையை விரித்து ஆட்டினாள், இல்லை என்று. பிறகு முழுப் பெயரையும் எழுதினாள்.

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை, மதியம் மூன்று ஐம்பது.