கிணற்றுக்குள் போன குழாய்

'மோட்டார்' என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த மனிதருக்குத் தெருவில் வேண்டியவர் என்று ஒருவரும் கிடையாது. அதற்காக அவர் ஒருநாளும் கவலைப்பட்டதும் இல்லை. தெருவிலுள்ள கிணற்றுப் பம்புகள் அத்தனையையும் முப்பது வருடமாகக் கழற்றி மாட்டியவர் அவர்தான். ரிப்பேருக்குக் கூப்பிட்டால் முதலில் வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஸ்பேனரை எடுப்பது அதற்கப்புறம்தான். "இதுக்குப் பேரு மோட்டாரா? எலிக்கு வீடு கட்டி விட்டிருக்கீங்க!" என்பார். திட்டு பொறுக்காதவர்கள் வேறு ஆளைத் தேடிப் போய், இன்னும் மோசமாகக் கெடுத்துக்கொண்டு அவரிடமே திரும்பி வருவார்கள்.

குடியிருந்தது செத்துப்போன அண்ணன் வீட்டின் பின்னறையில். முன்கட்டில் அண்ணி. இருவருக்கும் நடுவில் ஒரு கிணறு, ஒரு குழாய், நிறையப் பகை. அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்த அன்று மோட்டார் எங்கோ பம்பு இறக்கப் போயிருந்தார். பிணம் கிடக்கும்போதே அண்ணி எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஊர்க் கிணத்துல எல்லாம் மோட்டார் ஓட வைக்கத் தெரிஞ்சவனுக்கு, கூடப் பொறந்தவனுக்கு ஒரு வண்டி ஓட வைக்கத் தெரியலையே!" அதுவரை அவரைத் 'தம்பி' என்று கூப்பிட்டவள், அன்றிலிருந்து தெருவோடு சேர்ந்து 'மோட்டார்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவரும் முன்வாசலை மிதிப்பதில்லை. பக்கத்துச் சந்து வழியாகத்தான் போக்குவரத்து.

இப்படி இருக்கும்போது தெருக்கோடியிலிருந்த பழைய எண்ணெய் மில் இடத்தைப் பதினான்கு மாடிக் குடியிருப்பு கட்டுகிறவர்கள் வாங்கினார்கள். கார் நிறுத்தத் தரைக்கடியில் இரண்டு தளம் வேண்டுமாம். தோண்டினார்கள். ஊற்று பீறிட்டது. இராப்பகலாகப் பம்பு ஓட்ட ஆள் தேடியபோது, சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் கைகாட்டியது மோட்டாரைத்தான். ஆரஞ்சு ஹெல்மெட்டும் மாதச் சம்பளமும் கிடைத்தன. கொஞ்ச நாளில் தெருக் கிணறுகளில் வாளி சேற்றைத் தொட்டது.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர்தான் ஆரம்பித்துவைத்தார். "என்ன மோட்டாரு, எங்க தலையில துண்டைப் போட்டுட்டு உன் தலையில தொப்பியா?"

"உங்க தலைக்குத் துண்டு போதும் சார். உள்ள ஒண்ணும் இல்லாத இடத்துக்கு ஹெல்மெட் எதுக்கு?"

அண்ணி வாயை மட்டும் நம்பவில்லை. லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் ஏற்றினாள். பின்கட்டுக் குழாய்க்குப் பூட்டுப் போட்டாள். "என் கிணத்தை உறிஞ்சறதுக்கு என் வீட்டுலேயே ஒரு ஆளு! இது துட்டு குடுத்து வாங்கின தண்ணி. ஒரு சொட்டு கிடையாது." மோட்டார் குளியலையும் துவையலையும் வேலையிடத்திலேயே முடித்துக்கொண்டார்.

எரிச்சலுக்கு மேல் எரிச்சல், குழியிலிருந்து இறைத்த தண்ணீரைச் சாக்கடைக்குக் கொண்டுபோன கித்தான் குழாய், அண்ணி வீட்டு வாசலை ஒட்டியே பாம்பு மாதிரி கிடந்தது. தெளிந்த தண்ணீர் வீணாய் ஓடும் சத்தம் காதில் விழ விழ அவளுக்கு வயிறு எரிந்தது.

"ஏய் மோட்டாரு! பைப்பை இந்தப் பக்கம் திருப்பு."

"யாரைச் சொல்றீங்க?"

"வேற எந்தக் கட்டையில போறவன் இங்க நிக்கிறான்?"

"பழையபடி தம்பின்னு ஒருதடவை கூப்பிடுங்க அண்ணி. இப்பவே திருப்பிவிடறேன்."

"என் நாக்கு காஞ்சு ஒட்டிக்கிட்டாலும் அந்த வார்த்தை வராது."

"அப்ப ஒட்டிக்கிட்டே கிடக்கட்டும்."

மறுநாள் காலையில் அண்ணி அரிவாள்மணையைத் தூக்கிவந்து குழாயை அறுத்து, அறுத்த முனையை இழுத்துப்போய்க் கிணற்றுக்குள் விட்டாள். மோட்டார் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அடியில் முழுக்க மணல். கிணற்றில் ஊற்றுவது கசிந்து, பக்கத்திலேயே அதைவிட ஆழமாய்க் கிடக்கும் குழிக்குத்தான் போகும். குழியிலிருந்து அவர் இறைப்பார். இறைத்தது மறுபடி கிணற்றுக்கு வரும். தொட்டியிலோ டிரம்மிலோ பிடித்தால் உதவும். கிணற்றில் ஊற்றினால் செக்கு சுற்றுகிற கதைதான்.

"என்ன முறைக்கிற? உன்னைக் கெஞ்சாமலே வந்துடுச்சு பாத்தியா?" என்றாள் அண்ணி.

"வந்துச்சு, வந்துச்சு. நல்லா ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தார்.

கிணற்றில் ஒரு முழம் ஏறிய தண்ணீர் அதற்குமேல் ஏறவில்லை. "காஞ்ச கிணறு, நாலு நாள் குடிச்சுட்டுத்தான் நிறையும்" என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்ட அண்ணி, இனி வர வேண்டாமென்று லாரிக்காரனை அனுப்பிவிட்டாள். கண்டக்டர் தன் கிணற்றுக்கும் ஒரு கிளை இழுத்துக்கொண்டார்.

குழியில் தண்ணீர் ஏறியது. அடித்தளத்துக்குக் கட்டிவைத்த கம்பிகள் பாதி மூழ்கின. கான்கிரீட் போட வந்த வண்டிகள் திரும்பிப் போயின. இன்ஜினியரம்மா சேற்றுப் பூட்ஸோடு வந்து நின்றாள்.

"பம்பு ஓட்டறீங்களா, தூங்கறீங்களா? இவ்வளவு தண்ணி எங்கிருந்து வருது?"

மோட்டார் தெருப்பக்கம் ஒரு விரலை நீட்டினால் போதும், வேலை தப்பிவிடும். ஆனால் நீட்டினால் குழாய் பறிபோகும்; காட்டிக்கொடுத்தவன் என்று தெரு இன்னொரு முறை காறித் துப்பும். அண்ணிக்கு இன்னொரு ஆயுளுக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும். அந்தத் திருப்தியை அவளுக்குக் கொடுப்பதாவது! விரல் எழவில்லை.

"ஊத்து ஜாஸ்தியா இருக்கு மேடம்."

இன்ஜினியரம்மா குழாய் போன வழியைப் பிடித்துக்கொண்டே தெருவுக்கு நடந்தாள். திரும்பி வந்து கையை நீட்டினாள். "ஊத்தைப் பாத்துட்டேன். உங்க வீட்டுலதான் இருக்கு. ஹெல்மெட்டைக் குடுங்க."

"என் வீடு இல்ல மேடம், அண்ணி வீடு" என்றார் மோட்டார், கழற்றிக் கொடுத்தபடியே.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவின் மறுபக்கமாகச் சாக்கடைக்கு இரும்புக் குழாய் போட்டுவிட்டார்கள். பம்புக்கும் புது ஆள் வந்துவிட்டான்.

மோட்டார் சந்துக்குள் நுழைந்தபோது, அண்ணி இடுப்பில் கைவைத்து வழியை மறித்து நின்றாள்.

"கிணத்துல ஊத்தினது குழிக்கே போகுதாமே! அந்த இன்ஜினியர் பொண்ணு சொல்லித்தான் தெரியுது. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்த?"

"நீங்க கேக்கலையே."

"அடப் பாவி! டிரம்மு, அண்டா, குண்டான்னு வீடு பூரா ரொப்பி வச்சிருப்பேனே!"

"தம்பின்னு கூப்பிட்டிருந்தா நானே வந்து ரொப்பியிருப்பேன்."

அண்ணி விடுவிடுவென்று உள்ளே போய்ச் சாவியோடு வந்தாள். குழாய்ப் பூட்டைத் திறந்து, அவர் அறை வாசற்படியில் விட்டெறிந்தாள். "வாங்க தம்பி! வேலைவெட்டி இல்லாத மனுஷன், நிதானமா குளிங்க."

மோட்டார் வாளியை வைத்துக் குழாயைத் திருகினார். குழாய் ஒரு ஏப்பம் விட்டது. அதோடு சரி. லாரி வராத தொட்டியில் என்ன இருக்கும்?

"லாரி வரட்டும், மறுபடி பூட்டிக்கறேன்" என்று அண்ணி பூட்டை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் மோட்டார் அதன்மேல் காலை வைத்துவிட்டார்.

"காலை எடு."

"இப்பத் தம்பின்னு சொன்னீங்களே, அது நக்கலுக்கு. நிஜமா ஒருதடவை சொல்லுங்க, எடுக்கறேன்."

"எடுடா மோட்டாரு!"

தெருக்கோடியில் புது ஆள் ஓட்டிய பம்பு காற்றை உறிஞ்சி லொக்கு லொக்கென்று இருமியது. மோட்டாரின் காது அந்தப் பக்கம் போனது, கால் அசையவில்லை. அண்ணியும் குனிந்தபடியே பூட்டின் வளையத்தை விடாமல் பிடித்திருந்தாள்.