பத்து லட்சம் டிகிரியும் ஒரு புதுச் சட்டையும்

என் வீட்டுக்காரருக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கேஸ் கட்டிங் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். "எங்க வூட்ல இன்னா கேட்டாலும் டக்குனு பதில் வரும்" என்று கடையில் பீற்றிக்கொண்டிருக்கிறார். பலன், அந்த வருஷ ஆயுத பூஜையில் பொரி கொடுக்கும் முன் பத்து நிமிஷம் நான் பேசவேண்டும் என்று முதலாளி அண்ணாச்சி சொல்லிவிட்டார். நான் உளறினால் அடுத்த பூஜைவரை இவரை ஓட்டியே கொன்றுவிடுவார்கள்.

சூரியனைப் பற்றிப் பேசினேன். கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு ஐயாயிரத்து ஐந்நூறு டிகிரி. அதற்கு மேல் மெல்லிய அடுக்கு ஒன்று. அதையும் தாண்டி வெகுதூரம் பரவியிருக்கும் வெளி அடுக்கோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். அதற்குப் பெயர் கொரோனா. அந்தப் பெயரைச் சொன்னால் ஆளாளுக்கு ஊசி போட்ட கதையை ஆரம்பிப்பார்கள் என்று, வெளி அடுக்கு என்றே சமாளித்தேன்.

இவரோடு வேலை செய்யும் இன்னொரு கட்டர் எழுந்தார். இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லும் ஆள்.

"அண்ணி, இரும்பு காஞ்சா மொதல்ல செவப்பு, அப்பால மஞ்சா, அப்பால வெள்ள. பத்து லட்சம்னா கண்ணே அவிஞ்சிப் பூடணுமே. ஏன் தெரியமாட்டேங்குது?"

"அங்க பொருளே ரொம்பக் கம்மி. முழு கிரகணத்துல சூரியன் மறைஞ்சாத்தான் தெரியும்."

"பொருள் கம்மின்னா சூடும் கம்மியாத்தானே இருக்கும்?"

கூட்டம் சிரித்தது. வகுப்பாக இருந்தால் உட்காரு என்றிருப்பேன். இங்கே அது நடக்காது.

இவர் விறுவிறுவென்று போய், சாமி முன்னால் சந்தனமும் மாலையுமாக இருந்த கிரைண்டரைத் தூக்கி பிளக்கைச் சொருகினார். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. அண்ணாச்சி "ஏலே!" என்று அலறுவதற்குள் பக்கத்திலிருந்த கம்பியில் வைத்து அழுத்தினார்; பொறி பறந்தது, சாமந்தியும் பறந்தது. இன்னொரு கையைப் பொறிக்குள் நீட்டினார்.

"இன்னா சூடு இது? கை வெந்துச்சா? தம்மாத்தூண்டு தூளு, அதான் வேகல. அதுக்காக சூடு இல்லன்னுடுவியா?"

கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த நிமிஷம்போல இவரை எனக்குப் பிடித்ததே இல்லை.

கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி கேட்டார்: "அடுப்பை விட்டுத் தள்ளிப் போனா சூடு குறையணும்லா? அங்கன மட்டும் எப்படிம்மா ஏறுது?"

"கட்டுக்கம்பியை வளைச்சு வளைச்சு ஒடிச்சா ஒடியுற இடம் சுடுமே. அந்த மாதிரி சூரியனோட காந்தப்புலம் முறுக்கேறி அறுந்து சூடாகுதுங்கறாங்க. கீழேயிருந்து அலைங்க சக்தியைக் கொண்டுவருதுன்னும் சொல்றாங்க. முழுசாத் தெரியலை."

"யாருக்கு?"

"யாருக்குமே."

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். நான் பொரித் தட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினார். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுச் சட்டை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. "தெரியாதுன்றத மொதல்லியே சொல்லியிருந்தா இதாவது மிஞ்சியிருக்கும்."

மறுநாள் வேலை முடிந்து வந்ததும், ரொம்ப ஓட்டினார்களா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"எவன் ஓட்டுவான்? உலகத்துல எவனுக்குமே தெரியாததுதான் எங்க வூட்டுக்கும் தெரியாது, மத்ததெல்லாம் தெரியும்னுட்டேன்."