ஏரிக்கரை அலுவலகத்தில் மூன்று சின்ன சர்வீஸ்கள்

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில், காட்டேஜ்களுக்கு ரூம் பதிவு செய்து தரும் ஒரு சின்ன அலுவலகத்தில் டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். ஜாவாவில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு, பிரவுசிங் சென்டரில். கற்றுக்கொண்டேன் என்று வெளியே சொல்லவே பயம். யாராவது ஒரு கேள்வி கேட்டால் குட்டு உடைந்துவிடுமே.

அலுவலகத்தில் மதுரையிலிருந்து வாங்கிய பெரிய புரோகிராம் ஒன்று இருந்தது. கரண்ட் போய் வந்தால் அது எழுந்து நிற்கக் கால் மணி நேரமாகும். இங்கே லேசாகத் தூறினாலே கரண்ட் போகும்.

அப்போதுதான் இணையத்தில், புரோகிராம் கட்ட அச்சு மாதிரி உதவும் ஒரு குட்டி ஜாவா ஃபிரேம்வொர்க் கிடைத்தது. ஒரே ஒரு ஃபைல். இந்த முகவரிக்குக் கேள்வி வந்தால் இந்தப் பதிலைக் கொடு என்று நாலு வரி எழுதினால் போதும். அதன் கோட் முழுவதையும் பிரிண்ட் எடுத்து, என் ஊர் வில்பட்டிக்குப் பஸ்ஸில் போக வர ஒரே வாரத்தில் படித்துவிட்டேன். என்னால் கடைசிவரை படிக்க முடிகிற அளவில் அதை எழுதி, சும்மா கொடுத்த அந்த முகம் தெரியாத மனிதருக்கு இன்றைக்கும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

வேலையை மூன்றாகப் பிரித்தேன். ஒன்று, எந்த ரூம் காலி என்று சொல்லும். இன்னொன்று ரூமைப் பதியும். மூன்றாவது காட்டேஜுக்குத் தகவல் அனுப்பும். இன்று இதை மைக்ரோசர்வீஸ் என்கிறார்கள். அன்று எனக்குப் பெயர் தெரியாது. கரண்ட் போய் வந்தாலும் மூன்றும் கண் சிமிட்டுவதற்குள் எழுந்து நின்றன.

ஓனர் பார்த்தார். "மே சீசன் முழுக்க இது ஓடுனா இந்த வேலை உனக்குத்தான். இல்லேன்னா மதுரைக்காரங்களத்தான் கூப்பிடணும். உன்ன மறுபடி டைப்புக்கு வைக்க எடமில்லம்மா."

தூக்கம் போனது. மூன்றில் ஒன்று செத்துப்போய், இன்னொன்றுக்குத் தெரியாமல் ஒரே ரூமை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டால்? அதனால் ஒவ்வொன்றும் வேலையைத் தொடங்கும் முன் மற்ற இரண்டையும் "இருக்கிறாயா?" என்று கேட்க வேண்டும், பதில் வரும்வரை நகரக்கூடாது என்று எழுதினேன். பழைய கம்ப்யூட்டர் தாங்காதே என்று, ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரே கேள்வியை மட்டும் கவனிக்கும்படியும் வைத்தேன்.

சீசனின் முதல் சனிக்கிழமை மூன்றும் ஓடாமல் அப்படியே நின்றுவிட்டன. நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே கதை. போனில் உட்காரும் அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினார்.

"கீழ வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட்ல ஒரு குடும்பம் கைப்புள்ளயோட நிக்கிறாங்கடி. ரூம் இருந்தா மலை ஏறுவாங்களாம். இருக்கா இல்லையா? வெரசா சொல்லு!"

"தெரியலக்கா. ஒண்ணு செத்துருமோன்னு பயந்து, ஒண்ண ஒண்ணு கேட்டுக்கச் சொன்னேன். இப்ப ரெண்டும் ஒரே நேரத்துல கேட்டுட்டு, பதிலுக்காக நின்னுகிட்டே கெடக்கு."

"ஏ புள்ள, எங்க மாமியா மாதிரியே இருக்கியே! நான் சோலிக்கு வந்தா மணிக்கு மூணு போனு, சாப்ட்டியா சாப்ட்டியான்னு. அதுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே சோறு ஆறிப்போவுது. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சிரிப்பு வரவில்லை, ஆனால் புரிந்தது. பதிவு செய்வதும் தகவல் அனுப்புவதும் ஒன்றையொன்று கேட்டபடி, ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நின்றிருந்தன; காலி ரூம் சொல்வதோ அந்த இரண்டின் பதிலுக்காகக் காத்துக் கிடந்தது. நலம் விசாரிக்கும் வரிகளை எல்லாம் அழித்தேன். வேலைக்குத் தேவையானபோது மட்டும் கேள், சில நொடிகளில் பதில் வராவிட்டால் விட்டுவிட்டு என்னிடம் சொல் என்று மாற்றினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். அதுவரை அக்கா அந்தக் குடும்பத்திடம் மேலே எவ்வளவு குளிர், பிள்ளைக்குக் குல்லா இருக்கிறதா என்று பேசிக்கொண்டே லைனைப் பிடித்துவைத்திருந்தார். அந்தப் பேச்சுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய?

ஒரு காட்டேஜ் காலி. பதிந்தது. தகவல் போனது.

"ஏறி வாங்க," என்றார் அக்கா.

சாயங்காலம் ஓனர் வந்து, "எல்லாம் ஓடுச்சா?" என்று கேட்டார். ஓடியது என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது.

"நடுவுல அரை மணி நேரம் நின்னுருச்சு சார். என் தப்புதான்," என்றேன். என்ன செய்தேன், எதை அழித்தேன் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மதுரைக்காரங்க ஒருநாளும் எது கெட்டுச்சுன்னு சொன்னதில்ல. கேட்டா எனக்குப் புரியாதும்பாங்க," என்றார். "நீ சொன்னது எனக்கே புரியுது. நாளைக்கு வெள்ளனே வந்துரும்மா, ஞாயித்துக்கெழம கூட்டம் இன்னும் சாஸ்தி."