பேக்கரியைத் தாண்டினால் பெல்ஜியம்

எல்லை என்றால் எனக்கு ஒரு மரியாதை உண்டு. முப்பத்தெட்டு வருஷம் சர்வேயராக தி. நகரிலும் அடையாறிலும் அடுத்தவர் மனைகளை அளந்து சோறு தின்றவன் நான். அரை அடிக்காக அண்ணன் தம்பி ஒருவர் சட்டையை ஒருவர் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் புகுந்து விலக்கிவிட்டு, இரண்டு வீட்டிலும் காபி குடித்துவிட்டும் வந்திருக்கிறேன். அதனால் நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் மகள், "ஒரு நாள் பெல்ஜியம் பார்டருக்குக் கூட்டிண்டு போறேம்ப்பா" என்றதும், மற்ற இடமெல்லாம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் பார்த்தால் போதும் என்று தோன்றியது.

விசா வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி வந்துவிடுவேன் என்பதற்குச் சொத்துப் பத்திரம் கேட்டார்கள். மயிலாப்பூர் வீட்டின் பாகப்பிரிவினைப் பத்திரத்தை, அதோடு சேர்ந்த வரைபடத்தோடு நகல் எடுத்துக் கொடுத்தேன். அந்த வரைபடம் நான் வரைந்தது. கொடுத்த விவரமெல்லாம் உண்மை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனா கொஞ்சம் நின்றுதான் ஓடியது. ஏன் நின்றது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்பா போன பிறகு வீட்டை நானும் என் தம்பியும் பிரித்துக்கொண்டோம். வீட்டுக்குள் இருந்த பழைய நடுச்சுவரே இருவருக்கும் பொதுவாக அமைந்துவிட்டது. கொல்லையைத்தான் இரண்டாக்க வேண்டியிருந்தது. "ஆத்துலயே சர்வேயர் இருக்கறச்சே வெளியாள் எதுக்கு?" என்று சொன்னவனே தம்பிதான். நானே அளந்தேன், நானே கோடு போட்டேன், கொத்தனாரை வைத்துச் சுவரும் எழுப்பினேன்.

சுவர் ஆளுயரம் வந்த அன்று தம்பி வந்து நின்றான். "அண்ணா, என் பக்கம் குறையறாப்பல இருக்கு. ஸ்கூட்டரைத் தள்ளிண்டு போனா ஹாண்டில் இடிக்கறது. இன்னொரு தரம் அளந்து பாரேன்" என்றான்.

அவன் மிருதங்க வாத்தியார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஊரெல்லாம் என் அளவை நம்புகிறது, கூடப் பிறந்தவன் நம்பமாட்டானா? "நீ போய் மிருதங்கத்தைப் பாரு. அளக்கறது என் தொழில்" என்றேன். பாடத்துக்கு வந்திருந்த அவனுடைய மாணவர்கள் காதில் விழும்படிதான் சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பி உள்ளே போனான். அதற்குப் பிறகு பத்து வருஷம் நாங்கள் பேசவில்லை.

ஆனால் அவன் ஸ்கூட்டர் பேசியது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியைக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போவான். அவனுடைய குளியலறையைத் தாண்டும் இடத்தில் கைப்பிடி சுவரில் சர்ரென்று உரசும். "வேணும்னே தேய்க்கறான் பாரு" என்று மனைவியிடம் சொல்வேன்.

மூன்றாவது வருஷம் பரணில் கரையான் வந்திருக்கிறதா என்று பார்க்கப் பழைய காகிதங்களை இறக்கினேன். கொல்லையை அளந்த குறிப்பு நோட்டு கையில் வந்தது. சும்மா புரட்டியவன் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். என் பக்கம் இருக்கும் கிழக்கு மதில் எங்கள் மனையில் கட்டியது. டேப்பை அதன் வெளிப்புறத்தில் வைத்துத் தொடங்கியிருக்க வேண்டும். நான் உள்புறத்தில் வைத்துத் தொடங்கியிருந்தேன். அது ஒன்பது இஞ்ச் மதில். அந்த ஒன்பது இஞ்சும் அப்படியே நகர்ந்து, தம்பியின் இடத்தில் சுவராக நின்றுகொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருமுறை அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சொந்த வீடுதானே என்ற அலட்சியம். தொழில் பழக வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு அது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியதில் எனக்குப் பெரிய வெட்கம் இல்லை. சறுக்கவே இல்லை என்று அதற்குப் பிறகு ஏழு வருஷம் நின்றேனே, அதுதான் வெட்கம். நோட்டை மறுபடி கட்டிப் பரணிலேயே போட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. 'வேணும்னே தேய்க்கறான்' என்று சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

இந்த வரைபடத்தைத்தான் வெளிநாட்டுக்காரர்களிடம் உண்மை என்று எழுதிக் கொடுத்தேன்.

மகள் என்னையும் என் மனைவியையும் காரில் அழைத்துப் போனாள். நான் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டிருந்தேன். தடுப்புக் கம்பம் வரும், சிப்பாய் வருவான், எங்கே தங்குகிறாய் என்று கேட்பான் என்று பதில்கூடத் தயாராக இருந்தது. ஒரு சின்ன ஊருக்குள் வண்டியை நிறுத்திவிட்டு, "பெல்ஜியம் வந்தாச்சுப்பா" என்றாள்.

"எப்போ?"

"அந்த பேக்கரியைத் தாண்டினோமே, அப்போ."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. உள்ளே விட அத்தனை காகிதம் கேட்டவர்கள், இங்கே ஒரு வாட்ச்மேனைக்கூடப் போடவில்லை.

இறங்கி நடந்தபோதுதான் ஊரின் லட்சணம் புரிந்தது. தோசைக்கல்லில் எண்ணெய் தெளித்த மாதிரி, நெதர்லாந்துக்குள் அங்கங்கே பெல்ஜியத் துண்டுகள். நடைபாதையில் வெள்ளைச் சிலுவைக் குறிகளாகக் கோடு போகிறது. கோடு கடைக்குள் நுழைகிறது, ஒரு வீட்டின் சன்னலுக்கடியில் மறைகிறது, அடுத்த தெருவில் முளைக்கிறது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கோடு வீட்டைக் குறுக்கே வெட்டினால், வாசற்கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு வீடு அது. நாடு பிடிக்கவில்லையா, கதவைப் பெயர்த்து நாலடி தள்ளி வைத்துக்கொள்வார்களாம். நம் ஊரில் வாஸ்துவுக்காக வாசலை மாற்றுகிற எத்தனையோ பேருக்கு நான் படம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நாட்டுக்காக மாற்றுவதை அங்கேதான் கேள்விப்பட்டேன்.

மகளோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தியின் வீடு அந்த ஊரில்தான். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம். அவள் வாசற்கதவுக்கு நடுவிலேயே கோடு போகிறது. கதவின் இந்தப் பக்கம் ஒரு நாட்டு எண், அந்தப் பக்கம் இன்னொரு நாட்டு எண். வந்தவர்களுக்குக் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுப்பது அவர்கள் வழக்கம். அவள் குனிந்து வந்ததும் என் மனைவி கைகூப்பிக்கொண்டே இரண்டடி பின்வாங்கி, தெரியாமல் நெதர்லாந்துக்குள் போய்விட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

காபி வந்தது. ஒரு டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் நீட்டினாள், டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். "இவ்ளோதானா?" என்று மனைவி என் காதைக் கடித்தாள். அதுவும் அங்கே வழக்கமாம்.

என் கண் பிஸ்கட்டில் இல்லை. கூடத்துத் தரையில் வெள்ளைப் பட்டை ஒன்று சுவரிலிருந்து சுவருக்கு ஒட்டியிருந்தது. எல்லைதானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எனக்குக் கை அரித்தது. எந்த ஊருக்குப் போனாலும் என் பையில் மூன்று மீட்டர் டேப் ஒன்று இருக்கும்.

"அப்பா, வேண்டாம்ப்பா, ப்ளீஸ்" என்றாள் மகள். நான் எழுந்துவிட்டேன். வாசலில் இருந்த குறியிலிருந்து பக்கச்சுவருக்கு அளந்தேன். உள்ளே வந்து பட்டையிலிருந்து அதே சுவருக்கு அளந்தேன். பின்வாசலுக்குப் போய், வெளியே கோடு வெளிப்படுகிற இடத்திலும் அளந்தேன். முன்னும் பின்னும் ஒரே அளவு, உள்ளே பட்டை மட்டும் ஒரு முழம் வித்தியாசம். எனக்கு ஒரே குதூகலம். "அம்மா, உங்கள் எல்லை தப்பு! ஒரு முழம் தள்ளி ஒட்டியிருக்கிறீர்கள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அறிவித்தேன்.

அவள் காபியை உறிஞ்சியபடியே, "தெரியும், தப்புதான். நான்தான் ஒட்டினேன்" என்றாள். "சரியான கோடு அந்த அலமாரிக்கு அடியில் போகிறது. வருகிறவர்கள் எல்லோரும் எல்லை எங்கே என்று கேட்பார்கள். அலமாரியை நகர்த்த முடியவில்லை, எல்லையை நகர்த்திவிட்டேன்."

மகள் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தெரியும், தப்புதான், நான்தான் ஒட்டினேன். பிஸ்கட் டப்பாவை மூடுகிற சுலபத்தோடு அந்தப் பெண் சொல்லிவிட்டாள். இந்த மூன்றையும் சொல்லத்தான் எனக்கு ஏழு வருஷமாக வாய் வரவில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்து நடக்கும்போது மனைவியிடம் சொன்னேன், எல்லாவற்றையும், நோட்டு உட்பட. நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏழு வருஷமாவா? வாயில கொழுக்கட்டையா வச்சிண்டிருந்தேள்? அவாத்துக் கொலுவுக்கு ஒரு வருஷமாவது போயிருப்பேனே! உங்க தம்பி பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபத்து வாசலோட போய் அட்சதை போட்டுட்டு வந்தேனே!"

கோட்டைத் தாண்டி வேகமாக முன்னால் போனாள். நான் பெல்ஜியத்தில், அவள் நெதர்லாந்தில். அவள் அழுகிறாள் என்று பின்னாலிருந்தே தெரிந்தது. அங்கேயே, அந்தச் சிலுவைக் குறிக்குப் பக்கத்திலேயே முடிவு செய்தேன். சுவரை இடிக்கிறேன். அவன் சிரித்தாலும் சரி, ஊர் சிரித்தாலும் சரி.

முடிவு செய்வதில் நான் சூரன். செய்து முடிப்பதில்தான் கோளாறு. ஆகையால் விமானத்தில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் துணியை எடுக்கவேண்டும், துணியை எடுத்தால் துவைக்கவேண்டும், அப்புறம் தூக்கம் வரும், அப்புறம் வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று தோன்றும். என்னை எனக்குத் தெரியும்.

காலை பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். பெட்டியைக் கூடத்தில் வைத்தேன். "குளிச்சுட்டாவது போங்கோ" என்றாள் மனைவி. குளித்தாலும் மாறிவிடுவேன். பரணில் ஏறி நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் பக்கத்து வாசலில் ஏறினேன். எட்டே எட்டு தப்படி. பெல்ஜியம்கூட இத்தனை தூரமாகத் தெரியவில்லை.

உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. நடுவில் பேசினால் அவனுக்குப் பிடிக்காது என்று தெரியும், தாளத்தை முடித்துவைக்கும் தீர்மானத்தை வாசித்து முடிக்கிறவரை கதவருகே நின்றேன். அவன் நிமிர்ந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. தெருவில் தினமும் பார்க்கிறேன், பக்கத்தில் பார்த்து நாளாயிற்று. மாணவர்கள் எழுந்திருக்கப் போனார்கள். "இருங்கோ. இவா முன்னாடிதானே அன்னிக்குச் சொன்னேன்" என்றேன். அன்றைய மாணவர்கள் இல்லை இவர்கள், இருந்தாலும் கணக்கு கணக்குதான்.

"சுவர் தப்பு. நான்தான் தப்பா அளந்தேன். உன் இடம் ஒம்போது இஞ்ச் என்கிட்ட இருக்கு. எனக்கு ஏழு வருஷமாத் தெரியும்" என்று நோட்டை நீட்டினேன்.

அவன் நோட்டை வாங்கவில்லை. "கெழக்கு மதிலை உள்பக்கத்துலேர்ந்து புடிச்சுட்டே" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு ராத்திரியே நூல் புடிச்சுப் பாத்தேன்."

"ஏன்டா சொல்லலே?"

"சொன்னேனேண்ணா. நீதான் மிருதங்கத்தைப் பாருன்னே."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. அவன் முன்னால், அவன் மாணவர்கள் முன்னால், கிழவன் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சுவரை இடிக்க வேண்டாம், பேசினதே போதும் என்றுதான் தம்பி சொன்னான். நான் விடவில்லை. மறுநாளே கொத்தனாரை வரவழைத்தேன்.

"இன்னா சார், செவுரு கல்லாட்டம் கீது. இன்னாத்துக்கு இடிக்கணும்ன்றீங்க?" என்றார் அவர்.

"எடம் மாறி நிக்கறது."

"ஒம்போது இஞ்சுக்கா?" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, அண்ணன் தம்பி விசயம், நமக்கு இன்னாத்துக்கு" என்று சம்மட்டியை எடுத்தார்.

இடித்து முடித்த பிறகு புதுக்கோடு போட வேண்டும். உதவிக்கு ஆள் கூப்பிடவில்லை. நீள டேப்பின் நுனியைத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் மதிலைச் சுற்றிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போனான். மதிலின் மேல் வழியாக அவன் கை மட்டும் தெரிந்தது.

"வெளிப்பக்கம்தானே?" என்று கத்தினேன்.

"வெளிப்பக்கம்தான். நீ அளண்ணா."

அளந்தேன். இந்தத் தடவை எதிர்ப்பக்கத்திலிருந்தும் அளந்தேன். சுவரின் நடுவில் மூன்றடிக்கு ஒரு கதவும் வைக்கச் சொன்னேன். பூட்டு வேண்டாம், கொண்டி போதும் என்றாள் என் மனைவி. வேலை முடிவதற்கு முன்பே அவளும் தம்பி மனைவியும் செங்கல் குவியலைத் தாண்டிப் போய்வர ஆரம்பித்துவிட்டார்கள்.

பூச்சு காய்ந்த அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டர் உருண்டு வருவது கேட்டது. குளியலறையைத் தாண்டியது, நின்றது. ஸ்டாண்டு போடும் ஓசை வந்தது.

"அண்ணா" என்று தம்பி குரல் கொடுத்தான். "சத்தம் வந்துதா?"

"வரலேடா" என்றேன்.